பிஎச்டி முடிந்தது, எந்த வேலை? நகரப் புவியியல் படித்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"சார், பினாங்குல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. கோலாலம்பூர்ல ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டி அடுத்த மாசமே வந்து சேரச் சொல்லுது. அம்மா அரசாங்க வேலைய விட்டுடாதேங்கிறாங்க. நான் என்ன சார் செய்யிறது?"

நகரப் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கி மலேசியாவில் வேலை தேடும் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர் மாறுவார், ஊர் மாறும், அம்மாவின் பதில் மட்டும் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தேன். அதன் பிறகு பினாங்குதான். நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஊரை நடந்து பார்க்காமல் நகரத்தைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு வராது. கீழே எழுதியிருப்பதில் அந்தப் பிடிவாதம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது?

களநாள். வருடத்தில் எத்தனை நாள் உங்களால் ஊருக்குள் போய் நிற்க முடியும்? என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல். பதினான்கு வாரப் பருவம் இரண்டு என்றால் 28 வாரம் வகுப்பு. அதோடு ஏழு வாரக் குறும்பருவம் ஒன்று சேர்ந்தால் 35. தேர்வு, தாள் திருத்துதல், கூட்டம் எல்லாம் மீதியிலிருந்து போகும். அந்த ஏழு வாரம் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆய்வு ஊருக்குள் நடக்குமா கணினித் திரையிலேயே முடிந்துவிடுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

மொழி. எந்த மொழியில் கற்பிப்பீர்கள், எந்த மொழியில் எழுதுவீர்கள், நகராண்மைக் கழக முகப்பில் நின்று எந்த மொழியில் கோப்பு கேட்பீர்கள்? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள்.

பணம். முதல் மாதச் சம்பளத்தைச் சொல்லவில்லை. அறுபது வயதில் கையில் என்ன இருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

காத்திருப்பு. விளம்பரத்திலிருந்து வேலைக் கடிதம் வரை எவ்வளவு காலம், அதுவரை வாடகையை யார் கட்டுவது.

எழுத்துரிமை. நீங்கள் கண்டுபிடித்ததை உங்கள் பெயரில் வெளியிட முடியுமா? பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். வெளியே போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

## பொதுப் பல்கலைக்கழகம்

நம் நாட்டில் புவியியலைத் துறையாகவோ பிரிவாகவோ வைத்திருப்பவை பெரும்பாலும் பொதுப் பல்கலைக்கழகங்கள்தான்: கோலாலம்பூரில் (கேஎல்) மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் யுகேஎம், பினாங்கில் யுஎஸ்எம், தஞ்சோங் மாலிமில் உப்சி. பக்கத்து அறைக்காரரும் புவியியலாளராக இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அது இல்லாத இடத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

அம்மாக்களின் வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். "பென்ஷன் இருக்கே!" 2024 பிப்ரவரி 1 முதல் அரசாங்கச் சேவையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. தனியாரில் இருப்பவரைப் போல இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிதான். ஊழியர் பங்கு 11 விழுக்காடு. முதலாளி பங்கு, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை 13 விழுக்காடு, அதற்கு மேலே போனால் 12. ஓய்வு வயது இரு பக்கமும் 60. ஆக, பென்ஷனுக்காக மட்டும் பொதுப் பல்கலைக்கழகம் என்ற கணக்கு காலாவதியாகிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள். அவர் முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் விஷயம்.

அப்படியானால் மிச்சம் என்ன? எளிதில் கலையாத வேலை, அரசாங்க ஆய்வு மானியங்களுக்கு நேரடியாக மனுச்செய்யும் வாய்ப்பு, முதுகலை, முனைவர் மாணவர்கள், ஆய்வு விடுப்பு. இவை சின்ன விஷயங்கள் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதலாவது மொழி. நிரந்தரப் பதவிக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய்மொழிக்குக் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காகிதம் வேறு, வகுப்பறை மலாய் வேறு. ஒரு தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்த பையன், நல்ல கட்டுரைகள், பேச்சும் சுத்தம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதுபோல 'நிஸ்பா பிளோட்' என்றால் என்னவென்று மலாயில் விளக்கச் சொன்னோம். மனைப் பரப்போடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு தரைப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்தான் அது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் பத்து வருடமாக ஆங்கிலத்திலேயே யோசித்த மூளை, மலாயில் கதவைத் திறக்க மறுத்துவிட்டது. மார்க்கரை மூடுவதும் திறப்பதுமாக அரை நிமிடம் நின்றான். பிறகு பலகையில் ஒரு கடைவீட்டை வரைந்தான், அதன் தலையில் இன்னொன்றை வரைந்தான், பக்கத்தில் 'டுவா' (இரண்டு) என்று எழுதினான். அந்தப் படம்தான் அவனைக் காப்பாற்றியது. நீங்கள் படத்தை நம்பிப் போகாதீர்கள். போவதற்கு முந்தைய மாதம் தினமும் ஒரு 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' (உள்ளூர்த் திட்டம்) அறிக்கையைச் சத்தமாக வாசியுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, காத்திருப்பு. மனு, தேர்வுப் பட்டியல், நேர்முகம், குழு ஒப்புதல், மருத்துவப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கும். இடையில் யாரும் போன் செய்து "தம்பி, இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோ" என்று சொல்ல மாட்டார்கள். சேர்ந்த பிறகும் ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை தகுதிகாண் பருவம் உண்டு.

மூன்றாவது, கேபிஐ என்ற இலக்குக் கணக்கு. ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரை எத்தனை, மானியம் எவ்வளவு, மேற்பார்வை செய்யும் மாணவர் எத்தனை பேர் என்று வருடா வருடம் எண்ணிப் பார்ப்பார்கள். இதோடு பட்டமளிப்பு விழாக் குழு, தர மதிப்பீட்டுக் குழு, எதற்கென்றே தெரியாத குழு என்று சேர்ந்துகொண்டே போகும். இளையவர்தான் செயலாளர். நிமிடக் குறிப்பு எழுதுவதில் நான் இப்போது ஒரு நிபுணன்.

### சரி, பொதுப் பல்கலைக்கழகம் என்றால் பினாங்கா, கேஎல்லா?

இதைச் சம்பளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, சம்பள அட்டவணை ஒன்றுதான். ஊரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பினாங்கு ஒரு கைக்குள் அடங்கும் நகரம். யுஎஸ்எம்மின் குளுகோர் வளாகத்தில் காலையில் வகுப்பை முடித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு முன் ஜார்ஜ்டவுனில் நிற்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் விலகியது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறியதும், கடைவீடுகள் காபிக்கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியதும் இந்த இரண்டு தேதிகளுக்குப் பின்னால் நடந்த கதை. மையப் பகுதியும் சுற்று வளையமும் சேர்த்து 259 ஹெக்டேர்தான். ஒரு வகுப்பு மாணவர்களை வைத்துத் தெருத் தெருவாக எண்ணிவிடலாம்.

நாங்கள் எண்ணியிருக்கிறோம். ஒரு வருடம் மாணவர்களிடம் 'ஜென்ட்ரிபிகேஷன்' (வசதியானவர்கள் வர, பழைய குடியினர் வெளியேறுவது) என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு தெருவைக் கொடுத்து, "கதவுல பூட்டைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். இரும்பு மடிப்புக் கதவும் பழைய தொங்கு பூட்டும் இருந்தால் ஒரு கோடு, எண் அமுக்கித் திறக்கும் பூட்டு இருந்தால் ஒரு வட்டம். வாசலில் சாமிமாடம் இருக்கிறதா, செருப்பு எத்தனை ஜோடி கிடக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். ஒரு மாணவி திரும்பி வந்து, "சார், வட்டம் போட்ட வீட்டுல ஒண்ணுல கூட செருப்பே இல்ல" என்றாள். மூன்று வார விரிவுரையை அந்த ஒரு வரி சாப்பிட்டுவிட்டது.

நம் ஆட்களின் கதையும் பக்கத்திலேயே கிடக்கிறது. குளுகோரிலேயே இருந்த கம்போங் புவா பாலா, மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்பம், 2009-ல் இடிக்கப்பட்டது. நில உரிமை, மாநில அரசாங்கம், மேம்பாட்டு நிறுவனம், இழப்பீடு என்று நகரப் புவியியலின் பாதிப் பாடத்திட்டம் அந்த ஒரு கம்பத்தில் இருக்கிறது.

கேஎல்லின் கணக்கு வேறு. 243 சதுர கிலோமீட்டர் கூட்டரசுப் பிரதேசம், அதைச் சுற்றிச் சிலாங்கூர். திட்டமிடல் சட்டமே வேறு: தீபகற்ப மாநிலங்களுக்கு 1976-ஆம் ஆண்டின் 172-ஆம் சட்டம், கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் 267-ஆம் சட்டம். பினாங்கில் நீங்கள் மாநில அரசாங்கத்தையும் மாநகராண்மைக் கழகத்தையும் பார்த்தால் போதும். கேஎல்லில் டிபிகேஎல் என்ற மாநகராட்சி, அதற்கு மேலே கூட்டரசு அமைச்சர். ஆய்வாளருக்கு இது வெறும் சட்ட எண் விவகாரம் அல்ல, எந்த அலுவலகத்தின் வாசலில் எத்தனை முறை காத்துக் கிடப்பது என்ற விவகாரம். ஆனால் சரக்கு நிறைய. 2025-ல் அரசிதழில் ஏறிய கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040, பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவது குறித்த சர்ச்சை, எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி ஏறும் நிலவிலை. பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே தளத்தின்மேல் 2001-ல் திறந்த கேஎல் சென்ட்ரலும், எதிர்ப்பக்கம் பூமாலைக் கடையும் ஒரே பார்வையில் தெரியும். 'தேசாகோத்தா' (கிராமமும் நகரமும் கலந்து கிடக்கும் பகுதி) என்ற கருத்தை உலகப் புவியியலுக்குக் கொடுத்த டி. ஜி. மெக்கீ இளம் விரிவுரையாளராக வேலை பார்த்ததும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். தோட்டம், தாமான், தொழிற்சாலை மூன்றும் ஒரே சாலையில் கலந்து கிடப்பதைப் பார்க்க அவருக்கு வெகு தூரம் போக வேண்டியிருந்திருக்காது.

கேஎல்லின் மறைமுகச் செலவு வீட்டு வாடகையும் சாலை நெரிசலும். பினாங்கின் மறைமுகச் செலவு சின்ன ஊர் என்பதே. மாநகராண்மைக் கழகத்தைக் குறை சொல்லி ஒரு கட்டுரை எழுதினால், அடுத்த வாரம் ஒட்டுக்கடையில் அதே அதிகாரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எழுதியிருந்தீங்க போல" என்பார்.

## தனியார் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுக் கிளை வளாகமும்

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லைதான். சன்வேயில் 1998-லிருந்து இருக்கும் மோனாஷ், செமினியில் வளாகம் வைத்திருக்கும் நோட்டிங்ஹாம் போன்றவை ஆய்வையும் எதிர்பார்க்கும் இடங்கள். கல்லூரியாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பலவற்றில் மாணவர் சேர்க்கைதான் மூச்சு. விண்ணப்பிக்கும் முன் எது எந்த வகை என்று பாருங்கள்.

நல்ல பக்கம்: முடிவு சீக்கிரம் வரும், சம்பளத்தைப் பேசிக் கூட்டலாம், எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். கிளை வளாகம் என்றால் தாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகம் உங்கள் கணினிக்கே வரும். வெளிநாட்டுத் துணையாசிரியர்களும் எளிதில் கிடைப்பார்கள்.

மறைந்த செலவு: நீங்கள் புவியியல் கற்பிக்காமல் போகலாம். நான் இருந்த கல்லூரியில் என் கடிதத்தில் 'நகர ஆய்வுகள்' என்று அழகாக எழுதியிருந்தது. முதல் பருவத்தில் எனக்கு வந்தது வணிக மாணவர்களுக்கான அடிப்படைப் புள்ளியியல், பேச்சுத்திறன் பாடம், 'மலேசிய ஆய்வுகள்'. நகரம் என்ற சொல் மூன்றாவது பருவத்தில்தான் என் அட்டவணையில் எட்டிப் பார்த்தது. அதற்கும் களப்பயணம் கேட்டபோது பேருந்துச் செலவு, காப்புறுதிப் பாரம், பெற்றோர் கையெழுத்து என்று இழுத்தடித்து, கடைசியில் "யூடியூப்ல வீடியோ போட்டுக் காட்டுங்களேன் டாக்டர்" என்றார்கள். பிரிக்பீல்ட்ஸ் அங்கிருந்து இருபது நிமிடம். நான்கு வருடத்தில் வேலைக்காக ஒரே ஒரு முறை போனேன். வாழையிலைச் சோற்றுக்காகப் போனதற்குக் கணக்கில்லை.

இன்னொன்று: மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பாடம் மூடப்படும், பாடம் மூடப்பட்டால் ஆள் நகர்த்தப்படுவார். ஒப்பந்தம் மூன்று வருடம் என்றால் இரண்டாவது வருடத்தின் பாதியிலேயே அடுத்த வேலை தேடும் மனநிலை வந்துவிடும். அந்த மனநிலையில் நீண்டகால ஆய்வு ஓடாது.

## நிறுவனமும் கன்சல்டன்சியும்

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானாவின் கீழ் 2009-ல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய திங்க் சிட்டி, ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை அலுவலகம், நகராண்மைக் கழகங்களுக்கு அறிக்கை எழுதும் தனியார் நிறுவனங்கள் ஆகியவை இந்த வகை.

களநாள் என்ற அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண், தயங்காமல் சொல்வேன். வாரம் முழுக்கத் தெருவில் நிற்கலாம். நீங்கள் வரைந்த நடைபாதையில் ஒரு பாட்டி நடந்து போவதை இரண்டே வருடத்தில் பார்த்துவிடலாம். கட்டுரை எழுதுபவனுக்கு அந்தச் சுகம் கிடையாது.

இங்கே இடறுவது இரண்டு இடத்தில். ஒன்று, கையெழுத்து. 1995-ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடுநர் சட்டப்படி பதிவு பெற்ற திட்டமிடுநருக்கு உள்ள உரிமை புவியியல் முனைவருக்கு இல்லை. 'கெபெனாரான் மெரன்சாங்' (திட்டமிடல் அனுமதி) மனுவுக்கான அறிக்கையில் பாதியை நீங்களே எழுதினாலும் அட்டையில் வேறொருவர் பெயர் வரும். அடுத்தது, தரவு. சேகரித்தது நீங்கள், சொந்தம் வாடிக்கையாளருக்கு. அரசாங்கத் திட்டம் என்றால் 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டமும் தலைமேல் தொங்கும். நாலைந்து வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப நினைத்தால் காட்டுவதற்குக் கட்டுரை இருக்காது. திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வருடத்துக்கு ஒரு கட்டுரையாவது உங்கள் பெயரில் எழுத அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## சிங்கப்பூர்?

கிடைத்தால் போங்கள். சம்பளம், நூலகம், சக ஆய்வாளர்கள் என்று எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முதல் சில வருடங்கள் ஓட்டப்பந்தயம், முடிவில் நிரந்தரமா இல்லையா என்று ஒரு தீர்ப்பு. இந்த இடைக்காலத்தில் நம் இபிஎஃப் கணக்கு தூங்கும், மலாயில் எழுதும் கை துருப்பிடிக்கும். கேஎல்லில் உள்ள செந்தூலைப் பற்றி எழுதுபவர் செந்தூலுக்கு வர விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பொதுப் பல்கலைக்கழகம் | தனியார் / கிளை வளாகம் | நிறுவனம், கன்சல்டன்சி |
|---|---|---|---|
| களநாள் | நடுத்தரம். குழுக்களைத் தாண்டி வந்தால் நல்லது | குறைவு. கிளை வளாகத்தில் கொஞ்சம் கூடும் | மிக அதிகம் |
| மொழி | மலாய் கட்டாயம், ஆங்கிலமும் வேண்டும் | ஆங்கிலம் | மலாய் அறிக்கை, தெருவில் எல்லா மொழியும் |
| அறுபதில் பணம் | இபிஎஃப் (புதிதாகச் சேர்பவருக்கு) | இபிஎஃப் | இபிஎஃப். திட்டம் முடிந்தால் இடைவெளி |
| காத்திருப்பு | மாதக்கணக்கு | வாரக்கணக்கு | வாரக்கணக்கு |
| உங்கள் பெயரில் எழுத்து | முழுமையாக | முழுமையாக, நேரம் கிடைத்தால் | ஒப்பந்தத்தைப் பொறுத்து |
| வேலை நிலைப்பு | உறுதி | மாணவர் சேர்க்கையைப் பொறுத்து | திட்டத்தைப் பொறுத்து |

## யாருக்கு எது

மலாயில் தடையில்லாமல் பேசுபவர், இருபது வருடம் ஒரே ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுபவர், ஆறு மாதம் காத்திருக்கக் கையில் காசு உள்ளவர்: பொதுப் பல்கலைக்கழகம். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

படிப்புக் கடன், வீட்டில் நோயாளி, கேஎல்லில் வேலை பார்க்கும் கணவன் அல்லது மனைவி என்று ஏதாவது ஒன்று அழுத்தினால் தனியார்தான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுப் பல்கலைக்கழகத்தின் கடிதத்துக்காக ஒரு வருடம் டியூஷன் எடுத்துக்கொண்டு காத்திருந்து, ஆய்வையே மறந்துபோன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தனியாரில் சேர்ந்துகொண்டே மனு போட யாரும் தடை சொல்லவில்லை.

கட்டுரை எழுதும்போது எரிச்சலும் கூட்டத்தில் ஆட்களோடு பேசும்போது உற்சாகமும் வருகிறவர் என்றால், தயவுசெய்து நிறுவனத்துக்குப் போங்கள். நீங்களும் நிம்மதி, மாணவர்களும் நிம்மதி.

எங்கே போனாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? அவருடைய கடைசிப் பருவ அட்டவணையைப் பார்க்கலாமா? களப்பயணத்துக்குப் பேருந்து கேட்டால் யார் கையெழுத்துப் போடுவார்? மூன்றாவது கேள்விக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தொடக்கத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண் கேஎல் தனியாருக்கே போனாள். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், பினாங்குக் கடிதத்துக்காகக் காத்திருக்க வழியில்லை. ஆனால் சம்பளத்தில் இருநூறு வெள்ளி கூட்டிக் கேட்பதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை வகுப்பு வைக்கக் கூடாது என்று ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். போன வெள்ளி செந்தூலில் பழைய ரயில்வே பட்டறைப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினாள்: புதிய கொண்டோவின் நிழல் விழுந்த ஒரு வாசல், அதில் நாலு ஜோடி செருப்பு.